மேவிஸின் விதைப்படமும் என் வேப்பிலையும்

டிலானி, கெவின், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஓரிடத்தில் இருந்து கேளுங்கள். அம்மா வாசித்துக் காட்டுவா. நடுவில் எழும்பிப் போகக் கூடாது. தண்ணீர் குடிக்கிற சாட்டும் செல்லாது.

டிலானி, உன் பள்ளிக்கூடச் சுவரில் நீ எழுதி ஒட்டியிருந்ததைப் போன கிழமை பார்த்தேன். 'எங்கள் அப்பா நியூசிலாந்துக்குப் போய் ஓர் ஓவியத்தைக் காப்பாற்றினார்' என்று எழுதி, பக்கத்தில் சிவப்புப் போர்வை பறக்கிற ஒரு வீரனையும் கீறியிருந்தாய். மீசை என்னுடையதுதான், வயிறும் என்னுடையதுதான். உன் ஆசிரியை வந்து என் கையைக் குலுக்கினா. நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.  ஆனால் அந்த ஓவியத்துக்கு ஆபத்து வந்ததே உன் அப்பாவால்தான். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். வாசித்த பிறகு போர்வையை நீயே அழித்துவிடு. வயிறு இருக்கட்டும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களும் வாசிக்கலாம் என்பதால் சொல்கிறேன். அலிஸ் ஸ்பிரிங்ஸில் ஓர் ஓவியக் கூடத்தில் நான் பொதி கட்டுகிறவன். பாலைவனத்து ஆதிக்குடிப் பெண்கள் துணியை நிலத்தில் விரித்து, சுற்றி உட்கார்ந்து புள்ளி புள்ளியாக வரைகிறார்கள். காய்ந்ததும் நான் அதைச் சுருட்டிப் பெட்டியில் அடைத்து அனுப்புகிறேன். கெவின் தன் நண்பர்களிடம் சொல்கிற மாதிரி, 'மற்ற ஆக்கள் கீறினதைச் சுருட்டுகிற வேலை'. அதிலும் ஒரு வித்தை இருக்கிறது, மகனே. நிறம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்ட வேண்டும். உள்ளே வைத்துச் சுருட்டினால் வெடித்துவிடும்.

ஒக்லாந்து காட்சிக்கூடம் ஒன்று மேவிஸ் அக்காவின் பெரிய படத்தைக் கேட்டது. மூன்று மீட்டர் நீளம். பெண்கள் புல் விதை சேர்க்கிற கதை. அவருடைய படம் கடல் தாண்டிப் போவது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை திறப்பு விழாவில் படத்துக்கு முன்னால் நின்று அந்தக் கதையைச் சொல்ல அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் தனியே பறக்க மாட்டேன் என்றார். 'சுருட்டினவனே வந்து விரிக்கட்டும்' என்று என்னைக் கேட்டு வாங்கினார். பெட்டி நாலு நாள் முன்னதாகப் போய்விட்டது. பின்னால் நாங்கள் போனோம்.

மேவிஸ் அக்காவும் நானும் பேசுவது ஆங்கிலம். அவருடைய ஆங்கிலமும் புத்தக ஆங்கிலம் இல்லை, என்னுடையதும் இல்லை. அதனால் அவர் சொன்னதை எங்கள் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன். அவருக்கு அதுதான் பொருந்தும்.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் ஒரு படிவம் தந்தார்கள். உணவு கொண்டுவருகிறாயா, விதை கொண்டுவருகிறாயா, காட்டுப் பக்கம் போனாயா, சப்பாத்தில் மண் இருக்கிறதா என்று பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தது. அதிகாரி மேவிஸ் அக்காவிடம், "அண்மையில் பாலைவனத்துக்குப் போனீர்களா?" என்று கேட்டார்.

"போகேல்லை. அங்கதான் இருக்கிறன்."

"சப்பாத்தில் மண் இருக்கிறதா?"

"மண்ணிலதான் சப்பாத்து இருக்கு."

சப்பாத்தை வாங்கிக்கொண்டு போய்க் கழுவிக்கொண்டு வந்தார்கள். சிவப்பாக இருந்தது வெள்ளையாகத் திரும்பி வந்தது. அது வெள்ளைச் சப்பாத்து என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

அடுத்தது நான். அம்மா கட்டித் தந்த மிக்சரை ஒளிக்காமல் எடுத்து வைத்தேன். அதிகாரி பையைத் திறந்து, பொரித்த கறிவேப்பிலை ஒன்றைக் கையுறை போட்ட விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது என்ன இலை?"

பொரித்தது, தின்னலாம் என்று சொல்லி ஒன்றை எடுத்துக் கடித்தும் காட்டினேன். அவர் சிரித்து விட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கணத்தில்தான் வேறு இலை ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டு அரிசிப் பெட்டிக்குள் என்ன கிடக்கிறது? வேப்பிலை. அம்மாவின் கூறைச்சேலைக்கு அடியில்? வேப்பிலை. டார்வினில் இருந்து சேவியர் மாமா சாக்கில் கட்டி அனுப்புகிறாரே, அதுதான். பூச்சி வராது. நல்ல துணியைப் பெட்டிக்குள் வைத்தால் கை தானாக வேப்பிலை போடும். அது யோசித்துச் செய்கிற வேலை இல்லை. மேவிஸ் அக்காவின் படமும் துணிதானே. இரண்டு கை நிறைய அள்ளிச் சுற்றிவரத் தூவினேன். பிறகு மூடியை அடித்துவிட்டு, 'பெட்டிக்குள் தாவரப் பொருள் ஏதும் இல்லை' என்ற படிவத்தில் வடிவாகக் கையெழுத்தும் வைத்தேன். வேப்பிலை தாவரம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பாச்சா உருண்டையைத் தாவரம் என்று யாராவது நினைப்பார்களா? என் மூளையில் இரண்டும் ஒரே தட்டில் இருந்தன.

அதிகாரி "ஒக்லாந்துக்கு நல்வரவு" என்றார். நான் மிக்சர்ப் பையை மூடிக்கொண்டு வெளியே நடந்தேன்.

விடுதி ஒக்லாந்தில் ஒனிஹங்கா என்கிற பக்கத்தில். மேவிஸ் அக்காவுக்குக் கடல் பார்க்க ஆசை. வாழ்நாளில் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறாராம். சாமானை வைத்துவிட்டுத் தூறலில் நடந்து போனோம். கடல் வற்றியிருக்கிற நேரம். கண்ணுக்கு எட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு, நடுவில் ஒரு பறவை.

"தண்ணி எங்க?" என்றார்.

"பின்னேரம் வரும்."

"எங்கட ஆத்திலயும் தண்ணி இல்லை. நாங்கள் அதைப் படம் அடிச்சுத் தபாலட்டை விக்கிறேல்லை."

அங்கேயே நின்று மீனும் உருளைக்கிழங்கும் தின்றோம். கடற்பறவைகள் வந்து சுற்றி நின்றன. எங்கள் மன்னார்க் காகம் என்றால் கள்ளத்தனமாகத் தலையைச் சரித்துப் பார்க்கும், ஒரு மரியாதை இருக்கும். இவை சுங்க அதிகாரி மாதிரி நேரே வந்து பொதிக்குள் தலையை விட்டன. மேவிஸ் அக்கா ஒன்றைப் பார்த்து வெகு நேரம் திட்டினார். என்ன மொழியில் என்று தெரியவில்லை. பறவைக்கு விளங்கியது.

புதன்கிழமை காலை காட்சிக்கூடத்தில் இருந்து பிலிப்பா தொலைபேசி எடுத்தா. பெட்டி பென்ரோஸில் ஒரு கிடங்கில் மறிக்கப்பட்டிருக்கிறது, உடனே வரச் சொன்னா. பிலிப்பாதான் கண்காட்சிக்குப் பொறுப்பு. நல்ல மனுசி. ஆனால் ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது செத்த வீட்டில் பேசுகிற மாதிரிக் குரலைத் தாழ்த்திவிடுவா. "பெட்டிக்குள் ஏதோ இலைகள்" என்று அவ கிசுகிசுத்ததே எனக்குக் கோயில் மணி மாதிரிக் கேட்டது.

அன்று ரயில் ஓடவில்லை. அதற்குப் பதிலாகப் பஸ் வரும் என்றார்கள். ஒரு பஸ் வந்தது, ஏறினோம். அது வேறு பஸ். பதற்றத்தில் பலகையை நான் வாசிக்கவில்லை. பென்ரோஸுக்குப் பதில் ஒடாஹுஹுவில் போய் இறங்கினோம். மேவிஸ் அக்கா என்னைக் கோபிக்கவில்லை. "வழி பிழைச்சால் முதல்ல சாப்பிடவேணும்" என்றார். அங்கே பசிபிக் தீவுக்காரர்களின் கடை ஒன்றில் சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் அவித்து வைத்திருந்தார்கள். ஒரு வாய் வைத்ததும் அம்மாவின் கீரைக்கறி ஞாபகம் வந்தது. உப்பு மட்டும் குறைவு. மேவிஸ் அக்கா அதை மணந்து பார்த்து, "பச்சையா இருக்கு" என்று தள்ளிவிட்டு இரண்டு பன்றியிறைச்சிப் பன் தின்றார். எங்கள் இரண்டு பேருக்கும் சாப்பாட்டில் பொதுவானது ஆட்டிறைச்சி மட்டும்தான், அது அங்கே முடிந்துபோயிருந்தது.

கிடங்குக்குப் போய்ச் சேரும்போது பதினொரு மணி. உயர்ந்த தகரக் கூரை. பாரம் தூக்கும் வண்டிகள் பீப் பீப் என்று ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் மஞ்சள் நாடா கட்டி, உள்ளே என் பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் மேசையில், கண்ணாடித் தட்டில், என் வேப்பிலைகள். காய்ந்து, சுருண்டு, நல்ல பிள்ளைகள் மாதிரி வரிசையாக. கூடவே நாலைந்து வேப்பங்கொட்டை. அள்ளும்போது அவையும் வந்திருக்க வேண்டும்.

மேசைக்குப் பின்னால் உயிரினப் பாதுகாப்பு அதிகாரி நின்றா. முப்பது வயது இருக்கும், தலைமுடியைக் கொண்டை போட்டு வலைக்குள் கட்டியிருந்தா. சட்டையில் 'செல்வி' என்று பெயர்.

பிலிப்பா இலைகளைக் குனிந்து பார்த்து, நெஞ்சில் கைவைத்து, தாழ்ந்த குரலில் சொன்னா: "கதையைத் தூங்கவைக்கும் சடங்காக இருக்க வேண்டும். விதைகளோடு இலைகளையும் வைத்துப் பயணம் அனுப்புகிறார்கள். எவ்வளவு ஆழமான விடயம். மேவிஸ், இதைச் சுவரில் எழுதி வைக்க அனுமதி தருவீர்களா?"

மேவிஸ் அக்கா ஓர் இலையைப் பார்த்தார். பிறகு பிலிப்பாவைப் பார்த்தார். "இது எங்கட இலை இல்லை" என்றார்.

"நிச்சயமாகவா? உங்கள் முன்னோர்..."

"என்ர முன்னோர் இதைக் கண்டால் ஓடிப்போயிருப்பினம்."

செல்வி ஓர் இலையைக் கிள்ளி மூக்குக்குக் கிட்டப் பிடித்தா. பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தா. பொதி கட்டினவன் என்று என் பெயரைப் பிலிப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தா. அன்ரன் என்ற பெயரும் என் முகமும் சேர்ந்தால் வேறு விளக்கம் தேவையா?

பிலிப்பா தொலைபேசியோடு ஒதுங்கியதும் செல்வி தமிழில் கேட்டா. "அண்ணா, நீங்க தமிழ்தானே?"

"ஓம்."

"சிலோனா? நான் விருதுநகர் பக்கம். இது வேப்பிலைதானே?"

"பார்த்தால் அப்படித்தான் கிடக்கு, தங்கச்சி."

"யாரு போட்டதுன்னு தெரியுமா?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் உங்கள் அப்பா சொன்னது: "தெரியாது."

 "எங்க அம்மாவும் பட்டுச்சேலைக்குள்ள போடுவாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செல்வி தட்டை மூடினா.

விடயம் இலையோடு முடியவில்லை. இலை இருந்ததால் படத்தையும் முழுக்கச் சோதிக்க வேண்டும் என்றா. விரித்தோம். தரையில் பிளாஸ்டிக் போட்டு, அதன்மேல் மூன்று மீட்டர். தகரக் கூரைக்குக் கீழே ஒரு சிவப்பு நிலம் விழுந்த மாதிரி இருந்தது. வண்டிக்காரர்கள் பீப் சத்தத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

அந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். மேலே நின்று பறவை பார்க்கிற மாதிரிப் பார்க்க வேண்டும். குதிரை லாடம் மாதிரி இருக்கிற வளைவு ஒவ்வொன்றும் நிலத்தில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். மணலில் இருந்து எழும்பினால் அந்தத் தடம்தானே மிஞ்சும். பக்கத்தில் நீள்வட்டம், விதை ஏந்துகிற மரத்தட்டு. நேர்கோடு, கிண்டுகிற தடி. சின்ன வட்டங்கள் எறும்புப் புற்று. புள்ளியெல்லாம் விதை.

எறும்பு எதற்கு என்று கெவின் கேட்பான். அந்தப் புல் விதை கடுகைவிடச் சின்னது. ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் பசியில் செத்துப்போவோம். எறும்புகள் அதை இழுத்துக்கொண்டு வந்து புற்று வாசலில் குவித்து வைக்கும். பெண்கள் அங்கே போய் மண்ணோடு அள்ளுவார்கள். மரத்தட்டில் போட்டுச் சரித்துச் சரித்து ஆட்டினால் மண் ஒரு பக்கமும் விதை ஒரு பக்கமும் பிரியும். அம்மா சுளகில் புடைக்கிறாவே, அதன் அக்கா தங்கை. பிறகு தண்ணீர் தெளித்துக் கல்லில் அரைத்து, சாம்பலில் சுட்டுத் தின்பது.

"மேவிஸ், எறும்பிட்டை இருந்து களவெடுக்கிறது பாவம் இல்லையா?" என்று ஒருமுறை நான் கேட்டிருக்கிறேன்.

"களவு இல்லை. எறும்பு பார்த்துக்கொண்டு நிக்குது. சிலநேரம் கடிக்குது. கடி வாங்கி எடுத்தால் அது களவு இல்லை."

செல்வி முழங்காலில் நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, உருப்பெருக்கியோடு ஒரு மூலையில் தொடங்கினா. அரை மணி நேரத்தில் கையைத் தூக்கினா. நிறத்துக்குள் ஒரு சின்னப் புடைப்பு. ஊசியால் தொட்டுப் பார்த்தா. உண்மையான புல் விதை. வெளியில் உட்கார்ந்து வரைந்த படம், காற்று கொண்டுவந்து போட்டிருக்கிறது, மேலே மஞ்சள் புள்ளி விழுந்து மூடியிருக்கிறது. வியாழக்கிழமை மத்தியானம் வரை தேடி முடித்தபோது பத்தொன்பது விதைகள்.

செல்வி வழிகளைச் சொன்னா. பெட்டியோடு வைத்து மருந்துப் புகையடிக்கலாம். நிறம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. திருப்பி அனுப்பலாம். இல்லையென்றால் பத்தொன்பதையும் தோண்டி எடுக்கலாம். வெள்ளி ஐந்து மணிக்குள் முடியாவிட்டால் படம் திரும்பிப் போகும். சனி விழாவில் மேவிஸ் அக்கா வெறும் சுவருக்கு முன்னால் நின்று கதை சொல்ல வேண்டும்.

"எடுத்த விதையை என்ன செய்வீர்?" என்று மேவிஸ் அக்கா கேட்டார்.

"எரிப்போம்."

"எரிக்கப் போறீரோ? வறுத்தால் தின்னலாம். உமக்கு முன்னால தின்று காட்டுறன். வயித்துக்குள்ள போனால் உங்கட நாட்டில முளைக்காது."

செல்வி கையேட்டைப் புரட்டிப் பார்த்தே பதில் சொன்னா. தின்பது அதில் இல்லையாம்.

தோண்டுவதற்கு மேவிஸ் அக்கா சம்மதித்தார். செல்வி கண் வைத்தியர் மாதிரி மெதுவாக எடுத்தா. பத்தொன்பது இடத்திலும் நிறம் பிய்ந்து துணி தெரிந்தது. வெள்ளைக் குழிகள். அம்மை வந்த முகம் மாதிரி ஆகிவிட்டது. இனி மேவிஸ் அக்கா உட்கார்ந்து குழிகளை நிரப்ப வேண்டும். காய்ந்ததும் செல்வி முத்திரை குத்துவா. அவ்வளவுதான் மிச்சம். பிலிப்பா நிறமும் குச்சியும் வாங்கிக்கொண்டு வந்தா.

மேவிஸ் அக்கா குச்சியைத் தொடவில்லை. ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.

"இந்தப் படத்தில ஏழு பொம்பிளையள் இருக்கினம். ஒவ்வொருத்தரும் ஆர் எண்டு எனக்குத் தெரியும். ஆர் எங்க இருக்கலாம் எண்டதும் தெரியும். இப்ப ஆரோ சொல்லாமல் கொள்ளாமல் தன்ர இலையோட வந்து நடுவில குந்தியிருக்கிறார். அந்த ஆள் ஆரெண்டு சொல்லட்டும். அதுக்குப் பிறகு தொடுறன்."

பிலிப்பாவின் கண் கலங்கியது. விமான நிறுவனத்தைக் கேட்கவா, கிடங்கைக் கேட்கவா என்று தவித்தா. பிறகு என்னைத் தனியே கூப்பிட்டா.

"அன்ரன், நீங்கள் இவர்களோடு எத்தனை வருடமாக இருக்கிறீர்கள். பத்தொன்பது புள்ளிதான். அவர் தேநீர் குடிக்கப் போகும்போது நீங்களே வைத்துவிட முடியாதா?"

 அந்தக் கதை மேவிஸ் அக்காவுக்கு உரியது. அவருக்கும் அவருடைய சகோதரிகளுக்கும்தான் அதை வரைய உரிமை. நான் ஒரு புள்ளி வைத்தாலும் அது வேறொருவர் வளவுக்குள் மதிலேறிக் குதிக்கிற வேலை. "என் வேலை சுருட்டுவது மட்டும்தான்" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் நான் பெரிய நேர்மையானவன் மாதிரி உணர்ந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். வேப்பிலையைப் போட்டவன் புள்ளிக்கு ஒழுக்கம் பேசினான்.

வெள்ளிக்கிழமை. காலையில் மேவிஸ் அக்கா அதே பெட்டியில் உட்கார்ந்தார். பத்து மணி, பதினொரு மணி. வண்டிக்காரர்கள் அவருக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களுக்குச் சீட்டு விளையாடக் கற்றுக்கொடுத்து, ஒருவனுடைய மதியச் சாப்பாட்டை வென்றும் விட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் என்ன யோசித்தேன் தெரியுமா? படிவத்தில் இருப்பது என் கையெழுத்து. பொய்க் கையெழுத்து என்று தெரிந்தால் கூடத்தில் வேலை போகும். வேலை போனால் நாங்கள் எங்கே போவோம்? இதெல்லாம் நியாயமான பயம். ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் புழுவும் இருந்தது. ஒன்றும் சொல்லாவிட்டால் பழி மேவிஸ் அக்கா பக்கம் சாயும், எல்லோரும் 'அவர்களுடைய சடங்கு' என்று மரியாதையாக மன்னித்து விடுவார்கள், நான் தப்புவேன். அந்தப் புழுவை நான் இரண்டு நாள் தீனி போட்டு வளர்த்தேன்.

பன்னிரண்டு மணிக்குச் செல்வி தன் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தா. எலுமிச்சம் சோறு. மூடியில் பாதி வைத்து என்னிடம் நீட்டினா.

"அண்ணா, ரெண்டு மணிக்கு நான் அறிக்கை எழுதணும். 'இலை எங்கிருந்து வந்தது'ன்னு ஒரு கட்டம் இருக்கு. பிலிப்பா சொல்றத எழுதினா, 'ஓவியரின் பாரம்பரியப் பொருள்'னு ஆயிடும். அப்புறம் அந்தம்மா படம் எங்க போனாலும், எந்த நாட்டுக்குப் போனாலும், பிரிச்சுத் தோண்டுவாங்க."

மூடியைக் கீழே வைத்தேன்.

"போட்டவங்களே வந்து சொன்னா?" என்று கேட்டேன். எங்கள் தமிழை மறந்து அவவுடைய தமிழிலேயே கேட்டேன்.

"சொன்னா அவங்க பேருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போகும். நானா கண்டுபிடிச்சதா எழுதினா அது பெரிய வழக்கு." ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சொன்னா. "நான் மோந்து பாத்ததும் கண்டுபிடிச்சிட்டேன். ஆனா எழுதுறதுக்கு மூக்கு சாட்சி ஆகாது."

கை கழுவாமலே எழும்பினேன். மஞ்சள் நாடாவுக்குள் போய், மேவிஸ் அக்காவுக்கு முன்னால் நின்றேன். என் ஆங்கிலம் நல்ல நாளிலேயே நொண்டும். அன்று தவழ்ந்தது.

"மேவிஸ், இலை நான் போட்டது. பூச்சி வராமல் இருக்கப் போட்டது. எங்கட வீட்டில துணிக்கு அப்படித்தான் போடுறது. கேக்காமல் போட்டிட்டன். படிவத்தில இல்லை எண்டு எழுதினதும் நான்தான். செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும். பிலிப்பா உங்கட சடங்கு எண்டு சொல்லேக்க நான் பேசாமல் நிண்டன்."

பிலிப்பாவின் வாய் திறந்தது. "அப்படியானால் சடங்கு?"

"பாச்சா உருண்டை" என்றேன். அதற்குச் சரியான ஆங்கிலச் சொல் வராமல், பூச்சி சாவது போலக் கையால் நடித்தும் காட்டினேன். பாரம் தூக்கும் வண்டியில் இருந்தவன் கை தட்டினான்.

மேவிஸ் அக்கா சீட்டுக்கட்டைக் கீழே வைத்தார்.

"நீ போட்டது எனக்குத் தெரியும்" என்றார். "மூடி அடிக்கேக்க நான் தேத்தண்ணியோட வாசல்ல நிண்டனான். ஏதோ உங்கட சாமி விசயமாக்கும், குழப்பக் கூடாது எண்டு பேசாமல் போனன்."

"பிறகு ஏன் மூண்டு நாள் என்னைக் கேக்கேல்லை?"

"எறும்பு கடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு பார்த்தனான். நீ நல்ல தடிச்ச தோல்."

பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படத்தின் விளிம்பில் தரையில் உட்கார்ந்தார். குச்சியை மஞ்சளில் தோய்த்தார். தோய்த்தபடியே என்னிடம், "நீ அங்கால நில். நிழல் விழுது" என்றார். அவ்வளவுதான் தண்டனை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பத்தொன்பது புள்ளிக்கும் ஒரு மணித்தியாலம் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏதோ முணுமுணுத்தார். பிலிப்பா, அது பிரார்த்தனையா என்று என்னிடம் மெல்லக் கேட்டா. கிட்டப் போய்க் கேட்டேன். கோழிப்பொரியல் கடை எத்தனை மணிக்குப் பூட்டும் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். சிலது அது. சிலது அது இல்லை. அது இல்லாததை நான் கேட்கவில்லை, விலகி வந்துவிட்டேன்.

நாலரைக்குச் செல்வி முத்திரை குத்தினா. கட்டத்தில் என் முழுப் பெயரையும் எழுதி, என்னிடம் காட்டி, எழுத்துச் சரியா என்று கேட்டா. "சரி" என்றேன். என் பெயரை அவ்வளவு வடிவாக வேறு யாரும் எழுதியதில்லை.

சனிக்கிழமை படம் சுவரில் ஏறியது. நிலத்தில் கிடக்க வேண்டியதை நிமிர்த்தி மாட்டியதால் அந்த ஏழு பெண்களுக்கும் முதுகு நோகும் என்று மேவிஸ் அக்கா சொன்னார். வந்தவர்கள் அதையும் குறிப்பேட்டில் எழுதினார்கள். அவர் விதைக் கதையைச் சொன்னார். சொல்லக்கூடிய பகுதியை மட்டும். ஒரு கிழவர் இதன் உட்பொருள் என்ன என்று கேட்டார். "பசி" என்றார் மேவிஸ் அக்கா. பிறகு மேசையில் இருந்த சீஸைக் கைலேஞ்சியில் சுற்றிப் பையில் வைத்தார்.

திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தேன். உங்களுக்குச் சொக்கலேற் தந்தேன், படம் தப்பிவிட்டது என்று சொன்னேன். டிலானி, நீ அதை வைத்துத்தான் எழுதியிருக்கிறாய். உன் பிழை இல்லை. நான் பாதி சொன்னால் நீ முழுதாகத்தானே கீறுவாய்.

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கூடத்தில் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள். வேலை இருக்கிறது.

இன்னும் ஒன்று. வீடு வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, மற்றவர்கள் வருவதற்கு முன் பொதி கட்டும் கொட்டிலைத் திறந்தேன். ஒக்லாந்துக்குப் போவதற்கு முன்பே நான் கட்டி வைத்த மூன்று சுருள்கள் வேறு நாடுகளுக்குப் போகக் காத்திருந்தன. மூன்றையும் பிரித்தேன். அவற்றுக்குள் போட்டிருந்த வேப்பிலைகளை ஒன்று விடாமல் பொறுக்கி, ஒரு போத்தலில் போட்டு மூடினேன். பிறகு துணிகளை ஒவ்வொன்றாகத் தரையில் விரித்து, முழங்காலில் நின்று, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு விரல் நுனியால் தடவிக்கொண்டு போனேன். இரண்டாவது படத்தில், இடது மூலையில், வெள்ளைப் புள்ளி ஒன்றுக்கு அடியில் ஒரு சின்னப் புடைப்பு தட்டுப்பட்டது. ஊசி கையில் இருந்தது. தோண்டவில்லை. வரைந்தவர் வந்துதான் அதற்கு முடிவு சொல்ல வேண்டும். முன்பே கையெழுத்து வைத்திருந்த மூன்று படிவங்களையும் கிழித்தேன். இரண்டாவது படத்துக்கான புதிய படிவத்தில், தாவரப் பொருள் உண்டா என்ற இடத்தில், 'ஆம், புல் விதை ஒன்று' என்று எழுதி, கீழே என் முழுப் பெயரையும் எழுதினேன்.